தலைநகரின் விழாக்களில் நம் குழந்தைகள்

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை சற்றுச் சங்கடமான நாள். சொந்த ஊரிலாயின் பெரியப்பா வீடு உண்டு, அத்தை வீடு உண்டு, கோவிலில் ஏதேனும் ஓர் உற்சவம் உண்டு. இங்கோ வாரம் முழுவதும் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நடந்த குழந்தை, விடுமுறை நாளிலும் அதே இரண்டு அறைகளுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. "இன்று எங்கே போகலாம், அப்பா?" என்று அது கேட்கும்போது செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக் கொள்ளும் தந்தையர் நம்மில் பலர். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியை ஏற்றுத் தில்லிக்கு வந்த நாமும் சில ஆண்டுகள் அந்தச் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தவர்தாம்.

தில்லியில் காட்சிகளுக்குக் குறைவில்லை என்பதை யாவரும் அறிவர். குடியரசு தின அணிவகுப்பும் செங்கோட்டையும் குதுப் மினாரும் எங்கும் போய்விடமாட்டா. ஊரிலிருந்து விருந்தினர் வரும்போது அவற்றைக் காட்டலாம். இங்கு நாம் சொல்லப் புகுவது வேறு வகை. பேட்டைதோறும், பூங்காதோறும், அந்தந்தப் பகுதி மக்களே கூடி நடத்தும் கலை விழாக்களைப் பற்றியது இது. இவற்றில் பெரும்பாலானவற்றிற்கு நுழைவுக் கட்டணம் இல்லை, அழைப்பிதழும் தேவையில்லை. தேவையானதெல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் அடியெடுத்து வைக்கும் துணிவு ஒன்றே. அந்தத் துணிவு நம்மவர்க்கு எளிதில் வருவதில்லை.

முதலில் ராமலீலையை எடுத்துக்கொள்வோம். நவராத்திரி தொடங்கும் நாளிலிருந்து விஜயதசமி வரை, வட நாட்டின் ஊர்களில் இரவுதோறும் ராமகதையை நாடகமாக நடிக்கும் மரபு இது. 16ஆம் நூற்றாண்டில் துளசிதாசர் அவதி மொழியில் இயற்றிய ராமசரிதமானஸமே இதற்கு அடிப்படை. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2008ஆம் ஆண்டு இம்மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. தில்லியிலோ இது ஒரே விழா அன்று. செங்கோட்டை மைதானத்தில் அமைச்சர்களும் திரைப்பட நடிகர்களும் வந்து போகும் பெரிய ராமலீலைகள் உண்டு. மண்டி ஹவுஸ் அருகில், ஸ்ரீராம் பாரதீய கலா கேந்திரம் 1957 முதல் ஆண்டுதோறும் நடத்திவரும் நாட்டிய நாடகம் உண்டு. கதை முழுவதையும் ஒரே மாலையில், ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில், நேர்த்தியாகச் சொல்லி முடிப்பார்கள். அதற்குச் சீட்டு வாங்கவேண்டும். இவை இரண்டுக்கும் அப்பால், குடியிருப்புப் பூங்காக்களில் துணிப்பந்தலின் கீழ் நடைபெறும் எண்ணற்ற சிறு ராமலீலைகள் உண்டு. நமக்கு மிகவும் உகந்தவை இந்த மூன்றாம் வகையே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இச்சிறு ராமலீலையில் தசரதனாக வருபவர் பகலில் இரும்புக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். ராவணன் ஏதேனும் ஓர் அலுவலகத்தின் கணக்கர். வசனங்கள் துளசிதாசரின் செய்யுளாகவே இருப்பதில்லை. பரேலி நகரத்துப் பண்டிதர் ராதேஷ்யாம் கதாவாசகர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எளிய இந்தியில் எழுதிய ராமாயணத்தைப் பல குழுக்கள் கையாளுகின்றன. பார்ஸி நாடக மேடையின் சாயல் அதில் படிந்திருப்பதால் நடிகர்கள் குரலை உயர்த்தி, கையை நீட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். 1987, 1988ஆம் ஆண்டுகளில் தொலைக்காட்சியில் வந்த ராமானந்த சாகரின் தொடருக்குப் பின்னர், அதன் உடையும் நடையும் இம்மேடைகளில் புகுந்துவிட்டன. கலை நுணுக்கம் தேடிச் செல்பவருக்கு ஏமாற்றம் உண்டாகலாம். ஆனால் மேடையில் நிற்பவர் இன்னார் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகள் யாவருக்கும் தெரியும். அதுதான் அதன் சுவை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று சிலர் வினவுவர். மேடைக்குப் பக்கத்தில் ராட்டினமும், துப்பாக்கியால் பலூன் சுடும் கடையும், ஆலு டிக்கி சுடும் கல்லும் ஏன் நிற்கின்றன என்பதைக் கவனித்தால் விடை விளங்கும். அக்கடைகளும் ராட்டினங்களும் செலுத்தும் வாடகையும், வீடு வீடாகத் திரட்டும் சந்தாவும், வட்டாரத்து வணிகரின் நன்கொடையும் சேர்ந்தே பந்தலுக்கும் விளக்குக்கும் செலவாகின்றன. மைதானத்துக்கு அனுமதி, காவல் துறையின் இசைவு, தீயணைப்புத் துறையின் பார்வை, தற்காலிக மின்னிணைப்பு என்று நிர்வாகிகள் அலைய வேண்டியவை பல. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. எனினும் விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்களிக்க அவ்விதியிலேயே இடமுண்டு. ராமலீலைக் குழுக்கள் ஆண்டுதோறும் எதிர்நோக்கியிருப்பது அந்த விலக்கைத்தான்.

சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் பத்து இரவுகளும் செல்ல வேண்டுமென்பதில்லை. வில் முறிக்கும் காட்சி, திருமண ஊர்வலம், அனுமன் இலங்கையை எரிக்கும் இரவு, கும்பகர்ணனை எழுப்பும் இரவு ஆகியவை குழந்தைகளுக்குரியவை. தசரதன் உயிர்துறக்கும் இரவில் நம் வீட்டுக் குழந்தை மட்டுமன்று, பெரியவர்களில் பாதிப்பேரும் உறங்கிவிடுவதைக் கண்டிருக்கிறோம். புலம்பல் அவ்வளவு நீண்டது!

இனி நம் அநுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு, ஊரிலிருந்து குடும்பத்தை அழைத்து வந்து மூன்று மாதமே ஆகியிருந்த காலம். பெரிய மைதானம் ஒன்றில் நடந்த ராமலீலைக்கு இல்லாளையும் ஐந்து வயது மகளையும் அழைத்துச் சென்றோம். கடலை வாங்கக் கையை விட்ட அரை நிமிடத்தில் குழந்தையைக் காணோம். ஆயிரக்கணக்கான மக்கள், கண்ணைக் கூசச்செய்யும் விளக்குகள், மேடையில் போர் முழக்கம். ஒலிபெருக்கியில் காணாமற்போன குழந்தைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; அவற்றில் நம் மகளின் பெயர் இல்லை. இருக்க வழியும் இல்லை என்பது பின்னரே புரிந்தது. தொண்டர்கள் அவளிடம் இந்தியில் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அவள் அறிந்ததோ தமிழ் ஒன்றே. தகப்பன் பெயர் என்ன என்பதற்கு "அப்பா" என்று சொல்லியிருக்கிறாள் போலும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றபின், "பச்சைப் பாவாடை உடுத்திய, ஏதோ தென்னாட்டு மொழி பேசும் பெண் குழந்தை" என்று அறிவித்தார்கள். ஓடினோம். கொட்டகையின் மூலையில், தன் முறைக்காகக் காத்திருந்த வானரர் ஒருவர் வாலைக் கக்கத்தில் இடுக்கியபடி அமர்ந்திருக்க, அவர் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. நாள் முழுதும் ஒரு மொழியை மற்றொரு மொழியாக மாற்றிச் சம்பளம் பெறும் நாம், நம் குழந்தைக்குத் தன் வீட்டு முகவரியை இந்தியில் சொல்லக் கற்பிக்கவில்லை என்ற நினைவு அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

அதன்பின் இரண்டாண்டுகள் நம் குடும்பம் எந்தக் கூட்டத்துக்கும் செல்லவில்லை. இல்லாள் வேண்டாம் என்றாள், நாமும் வற்புறுத்தவில்லை. நகரின் மீது பழி போட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வது எளிதாக இருந்தது. குழந்தையோ பலகணியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் விளையாடும் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கும். பள்ளியில் பேசுவதுண்டு, தெருவில் தோழமை இல்லை.

கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டு அம்மையார். "பூங்கா ராமலீலையில் வானர சேனைக்கு ஆள் போதவில்லை, உங்கள் பெண்ணை அனுப்புங்கள், பேட்டி" என்று இல்லாளைக் கேட்டார். வட நாட்டு முதியோர் தம்மினும் இளையவளை மகளே என்று விளிக்கும் முறை அது. வசனம் ஏதும் இல்லை, குதித்தால் போதும் என்றார். ஒத்திகை மூன்று வாரம், மாலை ஆறிலிருந்து ஏழரை வரை. பழுப்பு நிறத் துணியில் தைத்த வாலும், அட்டைக் கிரீடமும், தகரக் கதையும் கொடுத்தார்கள். இல்லாள் நாள்தோறும் பூங்காவின் ஓரத்தில் காவலுக்கு அமர்ந்தாள். பத்தாம் நாளுக்குள் வால் தைக்கும் கூட்டத்தில் ஒருத்தியாகிவிட்டாள்.

இங்கே ஒரு சிறு இலக்கியச் செய்தியையும் குறிப்பிடலாம். பூங்கா ராமலீலையில் இலக்குவன் தரையில் கோடு கிழித்துவிட்டுச் செல்வான். ராவணன் சீதையைக் கோட்டைத் தாண்டச் செய்து தூக்கிச் செல்வான். இந்தக் கோடு வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. கம்பநாட்டாழ்வார் காவியத்தில் ராவணன் பிராட்டியைத் தீண்டுவதில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்கிறான். துளசிதாசர் வேறொரு வழி காண்கிறார்: உண்மைச் சீதை முன்னரே அக்கினியுள் மறைந்திருக்க, ராவணன் கொண்டுபோவது நிழற்சீதையை. தெற்கே கம்பரும் வடக்கே துளசிதாசரும் ஒரே சங்கடத்தைத் தீர்க்க எடுத்துக்கொண்ட இரு வழிகள் இவை. குகன் கதையும் அத்தகையதே. நமக்குக் குகனே வேட்டுவர் தலைவன், அவனே ஓடம் விடுவிப்பவன். துளசியின் நூலில் நிஷாத மன்னன் குகன் வேறு, ஓடக்காரன் கேவட் வேறு. கல்லைப் பெண்ணாக்கிய பாதத்தூளி தன் ஓடத்தையும் பெண்ணாக்கிவிட்டால் பிழைப்புக்கு என் செய்வேன் என்று அந்த ஓடக்காரன் ராமனின் காலைக் கழுவாமல் ஏற்ற மறுப்பான். பூங்காவில் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும் காட்சி அது.

இரவில் நாம் சொன்ன கம்பன் கதையைக் கேட்டிருந்த நம் மகள், ஒத்திகையில் கோடு கிழிப்பதைக் கண்டதும், "எங்கள் கதையில் வீட்டையே தூக்கிக்கொண்டு போவான்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டாள். இயக்குநராக இருந்த முதியவர் கோபிக்கவில்லை. ஒத்திகையை நிறுத்தி, முழுவதையும் சொல் என்றார். தெரிந்த இந்தியில், தெரியாத இடங்களில் கையசைவால், மற்ற வானரங்கள் சூழ அமர்ந்து கேட்க, அவள் சொன்னாளாம். நாம் அப்போது அலுவலகத்தில் இருந்தோம். இன்றளவும் அது நமக்கு ஒரு குறையே.

குழந்தைகள் உள்ளூர் விழாக்களில் கலந்தால் தாய்மொழி போய்விடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். வீட்டில் தமிழ் பேசாத குடும்பத்தில் அது எவ்வாறாயினும் போய்விடும் என்பது நாம் கண்டது. பேசும் குடும்பத்திலோ, வெளியே சொல்வதற்கு ஓர் இடம் கிடைக்கும்போதுதான் வீட்டுக் கதைக்கு மதிப்பு உண்டாகிறது.

ராமலீலைக்குச் சில வாரங்கள் முன்னதாகவே குழந்தைகளை அழைத்துச் செல்லத்தக்க இடம் ஒன்று மேற்குத் தில்லியில் டாகோர் கார்டன் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் உள்ள தித்தார்பூர். விஜயதசமியன்று எரிக்கப்படும் ராவணன், கும்பகர்ணன், மேகநாதன் உருவங்கள் அங்கே செய்யப்படுகின்றன. மூங்கிலைப் பிளந்து வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் துணியும் தாளும் ஒட்டி, வண்ணத்தாளால் அலங்கரிக்கிறார்கள். சாலையோரத்தில் ஒருபுறம் தலைகள், மறுபுறம் கைகள், சுவரில் சாய்த்துவைத்த மீசைகள் என்று காணக் கிடைக்கும். எரிக்கும் நாளில் தொலைவில் நின்று ஒளியைப் பார்ப்பதைவிட, செய்யும் நாளில் அருகில் நின்று மூங்கிலைத் தொட்டுப் பார்ப்பதையே குழந்தைகள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. பட்டாசுக்குத் தடை விதிக்கப்பட்ட ஆண்டுகளில் வெடியோசையை ஒலிபெருக்கி வழியே எழுப்பிய குழுக்களும் உண்டு. ராவணனுக்கு அது அவமானமோ என்னவோ, காற்றுக்கு நன்மை.

அதே நாட்களில் வங்காளிகளின் துர்க்கா பூஜை. தில்லியில் காஷ்மீரி கேட் பூஜை 1910ஆம் ஆண்டிலிருந்து வழிவழி வருவது. தெற்குத் தில்லியின் சித்தரஞ்சன் பார்க்கு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்தோர்க்கென 1960களில் ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. அங்கே முதலில் குடியேறியோரில் நம்மைப்போன்றே மத்திய அரசு ஊழியர் பலர். பந்தல்களின் அழகைப் பற்றி அனைவரும் சொல்வர். நாம் பரிந்துரைப்பது பூஜை தொடங்கும் தறுவாயில் நடைபெறும் ஆனந்த மேளாவை. அன்று மாலை அப்பகுதிக் குடும்பங்கள் தத்தம் வீட்டில் சமைத்தவற்றை மேசைமேல் வைத்து விற்கின்றன. உணவுக் கடைக்காரர்களுக்கு அங்கே வேலையில்லை. பந்தல்களில் குழந்தைகளுக்கு அமர்ந்தவிடத்தில் படம் வரையும் போட்டி நடக்கும்; சங்கு ஊதும் போட்டியும் உண்டு. வங்காளக் குழந்தைகள்தாம் வரலாம் என்று யாரும் சொல்வதில்லை, நாம்தான் கேட்பதில்லை.

மெஹ்ரோலியில் நடைபெறும் பூல்வாலோங் கி சைர், அதாவது பூக்காரர்களின் உலா, தில்லிக்கே உரிய விழா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மொகலாய மன்னர் இரண்டாம் அக்பரின் மகன் மிர்ஸா ஜஹாங்கீர், பிரிட்டிஷ் ரெசிடென்ட்டை நோக்கிச் சுட்டதற்காக அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டான். மகன் திரும்பினால் குவாஜா பக்தியார் காக்கியின் தர்காவில் மலர்ப் போர்வை சாத்துவதாகத் தாய் வேண்டிக்கொண்டாள். அவன் மீண்டான், தர்காவுக்கு மலர்ப் போர்வை சென்றது, அருகிலுள்ள யோகமாயா கோவிலுக்கும் மலர்க் காணிக்கை சென்றது. 1942இல் பிரிட்டிஷார் நிறுத்திய இவ்விழாவை 1960களின் தொடக்கத்தில் நேருவின் முயற்சி மீட்டது. மலர்களால் ஆன பெரிய விசிறிகளை இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து சுமந்து செல்வர். மழைக்காலம் கழிந்தபின் நடத்துவது வழக்கம். நாள் ஆண்டுக்காண்டு மாறும், அனுமதி கிடைப்பதில் தாமதமும் நேரும். ஆதலால் உறுதி செய்துகொண்டே புறப்படுக.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். குளிர்காலத்தில் சாணக்கியபுரி நேரு பூங்காவின் புல்வெளியில் கட்டணமின்றி இசைக் கச்சேரிகள் நடப்பதுண்டு. போர்வையும் தயிர்சாதமும் கொண்டு சென்றால் குழந்தை ஓடியாடும், நாம் கேட்கலாம். ஐ.என்.ஏ. அருகிலுள்ள தில்லி ஹாட் 1994இல் தொடங்கப்பட்டது. சிறு கட்டணம் உண்டு. கைவினைஞர்கள் முறைவைத்து மாறி மாறி வருவதால் ஒரு மாதம் கழித்துச் சென்றால் வேறு முகங்களைக் காணலாம். பிப்ரவரியில் ஃபரீதாபாத்துக்கு அருகே சூரஜ்குண்ட் மேளா, 1987 முதல் நடப்பது. கூட்டம் மிகுதி, எனவே வார நாளில் ஒருநாள் விடுப்பு எடுத்துச் செல்வது நலம். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் அமைத்த பொம்மைக் காட்சிசாலை பகதூர் ஷா ஜாபர் மார்க்கத்தில் உள்ளது. 1956இல் தோன்றிய தேசிய பால பவனத்தில் களிமண்ணும் ஓவியமும் நடனமும் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கிறார்கள். உள்ளே ஒரு குட்டி ரயிலும் உண்டு. தேசிய நாடகப் பள்ளியில் குழந்தைகளுக்கென்றே 1989இல் தனிக் குழு ஒன்று அமைந்தது. அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை நாடகப் பயிற்சிக்கு இடம் கிடைப்பது அரிது, கிடைத்தால் விடற்க.

நம்மவருடைய நிறுவனங்களைப் பற்றியும் ஒரு சொல். 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் நிகழ்ச்சிகளும், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் உற்சவங்களும் நம் குடும்பங்களுக்கு ஊரை நினைவூட்டுபவை; அவற்றுக்கு நாமும் தவறாது செல்கிறோம். ஆனால் அவற்றோடு நின்றுவிடும் குழந்தை, தான் வளரும் நகரில் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறது. மும்பைத் தமிழர்க்கு, 1999 முதல் பிப்ரவரியில் ஒன்பது நாள் கட்டணமின்றி நடைபெறும் காலா கோடா கலைவிழா இருக்கிறது. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே அதில் உண்டு. மற்ற நகரங்களில் வாழ்வோர் தத்தம் தெருவின் சுவரொட்டிகளைச் சற்று நின்று படித்தால் போதும்.

கூட்டத்துக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை சில. குழந்தையின் பெயர், தந்தை பெயர், கைபேசி எண் ஆகியவற்றை இந்தியில் எழுதிய சீட்டொன்றை அதன் சட்டைப்பையில் வைத்து ஊசியால் குத்திவிடுங்கள். அதே மூன்றையும் வாயாலும் சொல்லப் பழக்குங்கள். நுழைந்தவுடன், தொலைந்தோர் கொட்டகை எங்கே என்பதைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு, அதன்பிறகு கடலை வாங்கலாம். பூங்கா ராமலீலையில் வானரமாகச் சேர விரும்பும் குழந்தைகள் ஆகஸ்ட் இறுதியிலேயே பேட்டைக் குழுவினரிடம் பெயர் கொடுப்பது நல்லது. செப்டம்பரில் ஒத்திகை தொடங்கிவிடும். வால்கள் அளவெடுத்துத் தைக்கப்படுகின்றன.